பத்தரை மணி டப்பாவுக்கு எது தேறும்: காரா பிஸ்கட்டா, மசாலா பன்னா, பஃப்ஸா?

ஓவனில் செய்த எதுவும் தட்டிலிருந்து எடுத்த முதல் பத்து நிமிடத்துக்கு அமிர்தம்தான். ஆனால் பிள்ளைகள் அப்போது சாப்பிடுவதில்லை. காலை ஏழு மணிக்கு டப்பாவில் போட்டு, ஸ்கூல் வேனில் குலுங்கி, ஃபேன் ஓடியும் புழுங்கும் வகுப்பில் காத்திருந்து, பத்தரை மணி இன்டர்வெல்லில்தான் மூடி திறக்கிறது. சென்னையில் ஜூன் வெயிலும் உண்டு, நவம்பர் ஈரமும் உண்டு. இந்த இரண்டையும் எது தாங்குகிறது என்று பார்த்தால் பாதிப் போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் காரா பிஸ்கட். என் ஓட்டு இதற்குத்தான். மாவில் பாதி எடைக்கு வெண்ணெய், கொஞ்சம் கெட்டித் தயிர், உப்பு, சீரகம், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு ஸ்பூன் பொடித்த சர்க்கரை. சர்க்கரையை விட்டுவிடாதீர்கள், காரத்தை எடுத்துக் கொடுப்பதே அதுதான். 170 டிகிரியில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். வெண்ணெய் மாவைப் பூசிக்கொள்வதால் பசைத்தன்மை வளராது, அதனால்தான் கடித்தால் பொலபொலவென்று உதிர்கிறது. ஆவினில் சமையல் வெண்ணெய் உப்பில்லாதது, டேபிள் பட்டர் உப்புப் போட்டது. எதை வாங்கினீர்களோ அதைப் பார்த்து உப்பு சேருங்கள்.

இதில் ஒரே எதிரி தண்ணீர். கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போன பிறகே நறுக்க வேண்டும். இலையில் தங்கிய ஈரம் பிஸ்கட்டின் நடுவை மெத்தென்று ஆக்கிவிடும். முழுக்கக் கோதுமை மாவு போட்டால் தவிடு நீரை இழுத்துக்கொண்டு கொஞ்சம் வறட்டுத்தனமாக வரும். பாதி மைதா, பாதி கோதுமை என்றால் பிள்ளைகளும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரே மூச்சில் இரண்டு தட்டு சுட்டு, முழுதாக ஆறவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் வாரம் ஓடிவிடும். பெரிய ஓவன் 1500 வாட் என்று வைத்துக்கொண்டாலும் முக்கால் மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான். தினமும் சுடுவதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு உறுத்தும்.

மசாலா பன் பசியை அடக்குவதில் பிஸ்கட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நாலு பிஸ்கட் தின்ற பிள்ளை பன்னிரண்டரைக்குப் பசியோடு இருக்கும், ஒரு பன் தின்றது அப்படி இருக்காது. மாவு புளிப்பதற்கு நம் ஊர் சூடு பெரிய உதவி. குளிர் ஊர்க்காரர்கள் ஓவனுக்குள் விளக்குப் போட்டுக் காத்திருப்பதை நாம் சமையல் மேடை மேலேயே செய்துவிடலாம். வெயில் நாளில் முக்கால் மணி நேரத்தில் மாவு இரண்டு பங்காகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு வாடை தட்டும்.

ஆனால் பன்னிலும் இரண்டு ரகம். உருளைக்கிழங்கு மசாலாவை உள்ளே வைத்துச் சுடுவது ஒன்று. வதக்கிய வெங்காயம், மிளகாய், கொத்தமல்லியை மாவிலேயே பிசைந்து சுடுவது இன்னொன்று, ஐயங்கார் பேக்கரிகளில் கிடைக்கிற மாதிரி. டப்பாவுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சமைத்த ஈரப் பண்டத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் விதி. சாம்பார் சாதத்துக்கும் இதே கணக்குதானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அதைக் காலையில் கொதிக்கக் கொதிக்கச் செய்து கட்டுகிறோம். பன்னுக்குள் இருக்கும் கிழங்கோ முதல் நாள் மாலை வேலை. வெங்காயத்தையும் பச்சையாகப் போடாதீர்கள்; உப்புப் பட்டதும் நீர் விட்டு மாவு கையோடு வந்துவிடும். நீர் வற்ற வதக்கி, ஆறவைத்துச் சேருங்கள். சுட்ட பன்னைச் சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்த நீர் பன் மேலேயே சொட்டும்.

பஃப்ஸ்? கடையில் சூடாகத் தின்பதற்கு அதை மிஞ்சியது இல்லை. வீட்டில் செய்வது வேறு கதை. மாவுக்கும் வெண்ணெய்க்கும் இடையே அடுக்குகள் கலையாமல் இருந்தால்தான் ஓவனில் நீராவி அவற்றைத் தூக்கும். வெண்ணெய் உருகுவது 32லிருந்து 35 டிகிரிக்குள். மே மாதச் சென்னைச் சமையலறை ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கிறது. ஏசி அறையில் மாவு தேய்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு என் வணக்கம்! கடையில் கிடைக்கும் உறைந்த ஷீட்டுகளில் பல, வெண்ணெய்க்குப் பதிலாக மார்ஜரின் என்ற தாவர எண்ணெய்க் கொழுப்பில் செய்தவை. அது எளிதில் உருகாது என்பதுதான் அதன் பலம், ஆறிய பஃப்ஸ் மேலண்ணத்தில் ஒட்டுவதற்கும் அதுவே காரணம். எண்ணெய், கொழுப்புகளில், இதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது என்பதால் பழைய பயம் வேண்டாம். இருந்தாலும் யூனிஃபார்ம் முழுக்கத் தூள் சிந்தும் பண்டம் ஸ்கூலுக்கு எதற்கு? சனிக்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காரட், சோளம், சீஸ் போட்ட உப்பு மஃபின் படத்தில் அழகாக இருக்கும். தயிரும் சோடாவும் சேர்ந்த நொடியே பொங்கத் தொடங்கிவிடும், அதனால் கலந்த கையோடு ஓவனுக்குள் போக வேண்டும். முதல் நாள் இரவே கலந்து வைக்கிற வசதி இல்லை. அதே ருசியை மீந்த இட்லி மாவில் குழிப்பணியாரமாக ஊற்றினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும், ஓவனே வேண்டாம். இந்தச் சுற்றில் பணியாரக் கல்லுக்கே வெற்றி.

பேக் செய்த முறுக்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அரிசி மாவு எண்ணெயில் கிடந்தால்தான் நீர் சடசடவென்று வெளியேறி, உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்து மொறுமொறுப்பு வரும். ஓவனில் அது கல்லாகிறது. மெல்லியதாகத் தட்டிய தட்டை ஓரளவு தேறும், அவ்வளவுதான். முறுக்கு வேண்டுமென்றால் எண்ணெய்ச் சட்டியை வையுங்கள், அளவாகக் கொடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் பிஸ்கட் கொஞ்சம் மானத்தை வாங்கும். டப்பாவைத் திறந்து திறந்து மூட, மூன்றாம் நாளே நமுத்துவிடும். தூக்கிப் போட வேண்டாம்; 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் காட்டி, வெளியே எடுத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் தெரியும், ஆறிய பிறகே மொறுமொறுப்பு திரும்பும். ஏர் ஃப்ரையரில் செய்பவர்கள் சூட்டைப் பத்து இருபது டிகிரி குறைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். அதில் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும்.