டீக்கடை பிரான்சைஸ்: காலி கப்புக்கும் ராயல்டி கட்டுகிறவன் சொல்வது

நான் பிரான்சைஸ் (அவர்கள் பெயரில் நம் காசில் கடை நடத்தும் உரிமை) எடுத்திருக்கும் டீக்கடை நிறுவனம் போன மாதம் நுழைவுக் கட்டணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டது. விளம்பரத்தைப் பார்த்த கையோடு சகலை போன் அடித்தார். "நீங்க கட்டுனதுல பாதிதான் கேக்கறாங்களாமா. எடுத்துப் போடலாமுங்களா சகலை?" விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வந்த பணத்தை எதில் போடுவது என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருப்பவர். அப்போது கடையில் நாலு மணிக் கூட்டம். ராத்திரி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி பேசியதைவிடப் பேசாமல் விட்டது அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

கட்டணம், டெபாசிட், கடை அலங்காரச் செலவு, விற்பனையில் 5 சதவீத ராயல்டி, ஐந்து வருட ஒப்பந்தம் எல்லாம் அவர்கள் கொடுக்கும் பளபள புத்தகத்திலேயே இருக்கிறது. கடை திருப்பூரில், பி.என். ரோட்டை ஒட்டி. 2021 கடைசியில் திறந்தது. இந்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது. இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம், நேராகக் கப்புக்கு வருகிறேன்.

ஆமாம், பேப்பர் கப். நிறுவனத்தின் சின்னம் அச்சடித்தது. அவர்களிடம்தான் வாங்க வேண்டும், வெளியே வாங்கினால் ஒப்பந்த மீறல். விலை ஒன்றரை ரூபாய். திருப்பூரில் மொத்தக் கடையில் அதே அளவு கப் அதில் பாதிக்குக் கீழே கிடைக்கும். இதுவரை பரவாயில்லை. பெயருக்குக் காசு கொடுக்கிறோம், கப்பும் அந்தப் பெயரில் சேர்த்தி. வயிற்றெரிச்சல் அதற்கு அடுத்தது. அந்தக் கப்பை வைத்துத்தான் என் விற்பனையையே சரிபார்க்கிறார்கள். மாதம் அனுப்பிய கப் இத்தனை, கடையில் மிச்சம் இத்தனை, அப்படியானால் விற்ற டீ இத்தனை. பில் மெஷினில் அதைவிடக் குறைவாக இருந்தால், பில் போடாமல் விற்றேன் என்று பொருள். வித்தியாசத்துக்கும் ராயல்டி.

இந்தக் கணக்கைப் போட்டவர் திருப்பூரில் ஒரு நாள்கூட டீ விற்றிருக்க மாட்டார். இங்கே பனியன் கம்பெனிக்குத்தான் பாதி வியாபாரம். காலை பதினொன்றுக்கும் சாயங்காலம் நாலுக்கும் துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கிலிருந்து ஒரு பையன், தைக்கிற பவர்டேபிளிலிருந்து ஒரு அக்கா, கையில் பிளாஸ்க்கோ தூக்குப் போசியோ எடுத்துக்கொண்டு வருவார்கள். பத்து டீ ஊற்றச் சொல்லிவிட்டு, "அண்ணா, கப் ஒரு பதினஞ்சு சேத்துப் போடுங்கண்ணா" என்பார்கள். பத்து டீயைப் பதினைந்து பேர் பிரித்துக் குடிப்பது இந்த ஊரில் வழக்கம். கொடுக்காவிட்டால் நாளைக்கு அந்தப் பிளாஸ்க் எதிர்க் கடைக்குப் போகும். கொடுத்தால் என் கணக்கில் ஐந்து டீ திருட்டு.

நின்று குடிப்பவர்களிடமும் இதே கதை. கப் மெல்லிசு, டீ கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரல் சுடும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கப் கேட்பார்கள். மாத்திரை போட சுடுதண்ணி கேட்கும் பாட்டிக்கு ஒரு கப். குழந்தைக்கு ஆற்றிக் கொடுக்க ஒரு காலி கப். மழைக்காலத்தில் அடியில் ஊறிப்போன வரிசை அப்படியே குப்பைக்கு. ஏரியா மேனேஜரிடம் இதைச் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நல்ல பையன்தான், அவருக்கும் ஒரு மேலிடம் இருக்கிறது.

காசில் பார்த்தால் 15 ரூபாய் டீக்கு 5 சதவீத ராயல்டி 75 பைசா. ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அது ஒரு பதின்மூன்றரைப் பைசா. எங்களைப் போல 5 சதவீத ஜிஎஸ்டி போடும் ஓட்டல், டீக்கடைகளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ராயல்டியில் கட்டிய 18 சதவீதத்தை எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது, அது நேராகச் செலவு. கப் விலையையும் சேர்த்தால், ஒரு காலி கப்பைச் சும்மா எடுத்துக் கொடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் நாற்பது பைசா போகிறது. பிரான்சைஸ் புத்தகத்தில் "5% மட்டுமே" என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், வரியோடு அது 5.9 ஆகிறது என்பதைப் பொடி எழுத்திலும் போடுவதில்லை. சகலை, இதை மட்டும் ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தடை. கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் தடை செல்லும் என்றுதான் தீர்ப்பு. எங்கள் கப் "மக்கும் பூச்சு" என்று நிறுவனம் ஒரு சான்றிதழ் நகல் அனுப்பியிருக்கிறது. சோதனைக்கு வருகிறவர் சான்றிதழைப் படிப்பதில்லை, கப்பைக் கிழித்துப் பார்க்கிறார், அபராதச் சீட்டு என் பெயரில் வருகிறது. ஒப்பந்தத்தைப் புரட்டினால் உள்ளூர்ச் சட்டங்களுக்கு உட்பட்டு நடப்பது கடைக்காரர் பொறுப்பு என்று ஒரு வரி. கப் அவர்கள் முடிவு, அபராதம் என் பொறுப்பு. சரி, கண்ணாடி கிளாசில் தருகிறேன், ஜனங்களுக்கும் அதுதான் பிடிக்கிறது, கழுவ ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கேட்டேன். "பிராண்ட் அனுபவம் பாதிக்கப்படும்" என்று பதில். கிளாசை எண்ண முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

திட்டிவிட்டேன். இனி நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

சொந்தப் பெயரில் டீக்கடை வைத்த யாரிடமாவது கேளுங்கள், அவர்களுக்கு முதலாளி யார் என்று. டீ மாஸ்டர்தான். சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்பார், கொடுக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போவார், கூடவே அவர் கைக்குப் பழகிய வாடிக்கையாளரும் போவார். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா என்று கிளம்பினால் கடைக்குப் பூட்டு. என் கடையில் அந்தத் தொல்லை இல்லை. இத்தனை பாலுக்கு இத்தனை தண்ணீர் என்று கோடு போட்ட பாத்திரம், டிக்காஷனுக்கு அளந்து கட்டிய தூள் பொட்டலம், எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்று மணி அடிக்கும் டைமர். முதல் வருடம் பொங்கலுக்கு மாஸ்டர் ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. என் வீட்டம்மாவும், பீகாரிலிருந்து வந்து மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையனும் சேர்ந்து கடையை ஓட்டினார்கள். தினம் வரும் பனியன் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர் ஒருவர், நாக்கில் தராசு வைத்திருப்பவர், ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுக் காசு கொடுத்துப் போனார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்தப் பையன்தான் இப்போது மாஸ்டர். கட்டிய நுழைவுக் கட்டணம் அந்த ஒரு வாரத்தில் எனக்குச் செரித்துவிட்டது.

தூளிலும் குறை சொல்ல மாட்டேன். குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு வரும் பொட்டலத்தின் விலை வருடத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது, சுவை மாறியதே இல்லை. பாய்லர் பழுதானால் ஆள் அனுப்புகிறார்கள், அதுவும் சீக்கிரமாக. பேங்கில் சிறுதொழிலுக்கான முத்ரா கடன் கேட்டபோது நிறுவனத்தின் பெயர் போட்ட திட்ட அறிக்கைக்கு இருந்த மரியாதை, என் மூஞ்சிக்கு மட்டும் கிடைத்திருக்காது.

ஆனால் விலைப் பலகை அவர்கள் கையில். 2022 மே மாதம் கடை சிலிண்டர், 19 கிலோ, சென்னையிலேயே 2500 ரூபாயைத் தாண்டியது. அதே வருடம் நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், ஆவின் மாத அட்டை இல்லாதவர்களுக்கு லிட்டர் 48லிருந்து ஒரே அடியாக 60. நான் வாங்கும் தனியார் பாலும் அந்த வருடம் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கடை அண்ணன் ஒரு சாக்பீஸ் எடுத்து டீ விலையை மாற்றி எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மெஷினில் விலையை மாற்றத் தலைமையகம் அனுமதி தர வேண்டும், தந்தபோது அடுத்த வருடக் கோடை வந்துவிட்டது. நடுவில் இருந்த மாதங்களில் கையிலிருந்து போட்டேன். ராயல்டி விற்பனையில் எடுப்பது, லாபத்தில் இல்லை. நான் நஷ்டத்தில் விற்றாலும் அவர்கள் பங்கு வந்துவிடும். முதலாளி ஆகலாம் என்று ஆசைப்படும் சகலைக்கு இந்த ஏற்பாடு பிடிக்குமா என்று அவரே சொல்லட்டும்.

போனில் அவர் கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி. "மத்த கடைகளோட வரவு செலவைக் காட்டச் சொல்லி நாம கேக்கலாமுங்களா?" கேட்கலாம், காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்கிறவர், ஒப்பந்தத்துக்கும் பணத்துக்கும் 14 நாள் முன்னாலேயே ஒரு முழு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் மேல் இருக்கும் வழக்குகள், மூடிய கடைகள், எல்லாம் அதில் வர வேண்டும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. அதனால் கணக்கு வேண்டுமென்றால் கடை கடையாக ஏறி இறங்கி, டீ குடித்துக்கொண்டே கேட்க வேண்டியதுதான். அவர்கள் அழைத்துப் போகும் கடைக்குப் போகாதீர்கள், மூடிவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடியுங்கள். கூடவே அந்தப் பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருக்கிறதா என்று அரசின் இணையதளத்தில் நீங்களே தேடலாம், காசு கிடையாது. தேயிலைத் தூள் 30ஆம் வகுப்பு, உணவகச் சேவை 43ஆம் வகுப்பு. தூளுக்கு மட்டும் பதிந்துவிட்டுக் கடை உரிமையை விற்கிறவர்களும் உண்டு.

இன்னொன்று, விலகினால் இரண்டு வருடம் ஐந்து கிலோமீட்டருக்குள் டீ வியாபாரமே செய்யக்கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வக்கீலிடம் காட்டினேன். சிரித்தார். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டிக் கடை வைக்காதே என்றால் செல்லும், கோக்கோ கோலா வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிந்த பிறகும் தொழில் செய்யாதே என்பது அந்த ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன்னால் நிற்காது என்றார். அவர்களுடைய பெயர், செய்முறை, கப் எதையும் தொடாமல் என் பெயரில் நான் டீ விற்கலாம். ஆனால் வழக்கு என்று போனால் ஒப்பந்தப்படி அதை விசாரிக்கும் நடுவர் உட்காரும் ஊர் சென்னை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை விட்டுவிட்டு ரயில் ஏறத் தயாராக இருந்தால் சட்டம் நம் பக்கம்.

இப்போது கட்டணக் குறைப்பு. புதிதாக வருகிறவருக்குப் பாதி. புதுப்பிக்கிற எனக்கு, பழைய கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று 2021இல் எழுதியதே அளவுகோல். கூட்டிக் கழித்தால் பழையவன் புதுப்பிப்பதற்கும் புதியவன் நுழைவதற்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். குறைத்தால் கடைகள் கூடும். எனக்கு ஒதுக்கிய எல்லை ஒரு கிலோமீட்டர் சுற்றளவு, அதைத் தாண்டி ஒரு பத்தடியில் இன்னொரு பலகை தொங்கினாலும் நான் ஒன்றும் கேட்க முடியாது. அவர்களுக்கு அது புது நுழைவுக் கட்டணம், புது ராயல்டி, இன்னும் ஒரு லாரி கப். எனக்கு அது நாலு பனியன் கம்பெனியின் பிளாஸ்க்.

சகலைக்கு என் பதில்: எடுக்காதீங்க. மேலே மாஸ்டரைப் பற்றியும் தூளைப் பற்றியும் இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு இப்படி முடிக்கிறானே என்று தோன்றலாம். போன வாரம்தான் கப் கணக்கில் வித்தியாசம் என்று மறுபடி ஒரு கடிதம் வந்தது, அந்தக் கடுப்பு இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. நானோ புதுப்பிக்கத்தான் போகிறேன். கடன் தவணை முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அந்தப் பையன் போடும் டீக்கு ஊரில் பெயர் இருக்கிறது, பலகையைக் கழற்றி வேறு பெயர் மாட்ட வீட்டம்மா சம்மதிக்கவில்லை. கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பார்சலுக்கும் சேதத்துக்கும் சேர்த்துக் கப் கணக்கிலிருந்து 5 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். அவர்கள் ஒன்று என்கிறார்கள். நான் மூன்று வரைக்கும் இறங்கி வருவதாக இருக்கிறேன்.