முட்டையா, குட்டியா: பாகாயம் ஞாயிறு வகுப்புக்குப் போய் வந்தேன்

வேலூர் பாகாயம் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். ஒரு நாளைக்கு 150 ரூபாய், கூட வரும் பெரியவர்களுக்குக் காசு இல்லை. ஆறாவது படிக்கும் என் மகளோடு மூன்று வாரம் போய்விட்டேன். பல்லி, பாம்பு வகையில் சில முட்டை இடுவதும் சில குட்டி போடுவதும் ஏன் என்று நடந்த போன வாரத்து வகுப்புதான் இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தீப்பெட்டிக்குள் இருந்து பல்லி முட்டை ஓடு இரண்டை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். குஞ்சு பொரித்துப் போன வெறும் ஓடு, விரலால் அழுத்தியதும் சுண்ணாம்பு மாதிரி நொறுங்கியது. ஓணான் முட்டை இப்படி இருக்காது, தோல் போல மெத்தென்று இருக்கும் என்றார். அப்புறம் அங்கிருந்தே விளக்க ஆரம்பித்தார்: தாய் முட்டையை இன்னும் சில நாள் வயிற்றிலேயே வைத்திருந்தால், கரு வளர வளர அதற்குக் காற்று அதிகம் வேண்டும், ஓடு தடிமனாக இருந்தால் காற்று போகாது, அதனால் தலைமுறை தலைமுறையாக ஓடு மெலிந்து கடைசியில் வெறும் சவ்வாகி, குட்டி நேராக வெளியே வந்துவிடுகிறது. பல்லியும் பாம்பும் சேர்ந்த வம்சத்தில் இது தனித்தனியாக 100 முறைக்கும் மேல் நடந்திருக்கிறது என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவில் மூன்று விரல் அரணை ஒன்று உண்டு. சிட்னி கடற்கரைப் பக்கம் இருப்பது முட்டை இடும், வடக்கே மலைப்பக்கம் இருப்பது குட்டி போடும், இரண்டும் ஒரே இனம். அதில் ஒரு பெண் அரணை முதலில் மூன்று முட்டை இட்டு, சில வாரம் கழித்து அதே சூலில் ஒரு குட்டியையும் ஈன்றதை 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

முட்டையிலிருந்து குட்டிக்கு மாறியதற்குக் காரணமாக மிஸ் முதலில் குளிரைச் சொன்னார். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரிவது கஷ்டம், தாய் வெயில் காய்ந்தால் வயிற்றுக் கருவும் சேர்ந்து சூடாகும். நியூசிலாந்தின் சொந்தப் பல்லி, அரணை இனங்களில் ஒரே ஒரு அரணை தவிர மற்ற எல்லாமே குட்டிதான் போடுகின்றன.

என் மகள் எழுந்து, "அப்போ நம்ம வேலூர் வெயில்ல கண்ணாடி விரியன் ஏன் மிஸ் குட்டி போடுது?" என்று கேட்டாள். மிஸ் மழுப்பவில்லை. குளிர் ஒரு காரணம்தான், எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, நம் ஊர் அரணை முட்டை இடுகிறது, அதே பேரினத்து அரணை ஒன்று வெப்பமான தென்கிழக்காசியாவில் குட்டி போடுகிறது, அதனால் விவாதம் இன்னும் முடியவில்லை என்றார். ஒருமுறை குட்டிக்கு மாறிவிட்டால் திரும்ப முட்டைக்குப் போவது லேசில்லை, அதனால் கண்ணாடி விரியனுக்கு இது முன்னோர் வழியில் வந்ததாகவும் இருக்கலாம் என்றும் சொன்னார். "அரணை கடித்தால் மரணம்" என்று கேட்டு வளர்ந்தவன் நான், அரணைக்கு விஷமே இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது.

இனி குறை. பத்து மணிக்குத் தொடங்கி பன்னிரண்டரை வரை இழுத்தது, பந்தலுக்குள்ளேயே அனல், இருப்பது ஒரே மின்விசிறி, அந்த வெளிச்சத்தில் டிவித் திரை தெரியவே இல்லை. அதைவிட, சுவரில் முட்டையைக் கீழ்ப்படியிலும் குட்டியை மேல்படியிலும் வரைந்த படம் ஒன்று தொங்குகிறது, அதைக் கழற்றிவிட வேண்டும். வயிற்றில் சுமக்கும் தாயால் வேகமாக ஓட முடியாது, எளிதில் இரையாகிவிடும். சூடான மண் இருக்கும் நம் ஊரில் முட்டையைப் புதைத்துவிட்டு அடுத்த சூலுக்குத் தயாராகும் ஓணான் எந்த விதத்தில் பின்தங்கியது? அவரே சொன்ன பாடத்துக்கு அந்தப் படம் எதிராக நிற்கிறது, அவரிடமும் சொன்னேன், மாற்றுகிறேன் என்றார்.

நேரத்தை ஏழு மணிக்குக் கொண்டுவரவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த வாரமும் போகிறோம், காலண்டருக்குப் பின்னால் கிடைத்த இரண்டு ஓடுகளை மகள் பஞ்சு வைத்துத் தயாராக வைத்திருக்கிறாள்.