அபு சிம்பெல் விமானத்தில் இடப்பக்கமா, வலப்பக்கமா?

எகிப்தில் அஸ்வானிலிருந்து, பழங்காலக் கோயில் இருக்கும் அபு சிம்பெலுக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். அதனால் ஜன்னல் சீட்டை யோசித்து எடுங்கள்.

எல்லோரும் சொல்வது இடப்பக்கம். விமானம் தென்மேற்காகப் பறப்பதால் அஸ்வான் அணையால் உருவான நாசர் ஏரி பெரும்பாலும் அந்தப் பக்கமே வரும். பழுப்பு மலைகளுக்கு நடுவே நீலத் தண்ணீர், விரல் விரலாக உள்ளே புகுந்து கிடக்கும். இறங்கும்போது கோயிலும் தெரியலாம், ஆனால் அது விமானி எந்தத் திசையிலிருந்து இறக்குகிறார் என்பதைப் பொறுத்தது. அணை நீரில் மூழ்காமலிருக்க, 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்துச் சுமார் 65 மீட்டர் மேலே வைத்த கோயில் அது!

வலப்பக்கம் வெறும் மணல்தானே என்பார்கள். பாலைவனம் பார்க்கத்தானே போகிறோம்? காலை விமானமென்றால் வெயில் இடப்பக்க ஜன்னலில் அடிக்கும், படமெல்லாம் வெளுத்துவிடும். வலப்பக்கத்தில் சாய்வெயில் பட்டு ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்திருக்கும். பாலைவனத்தில் விவசாயம் செய்யும் தோஷ்கா பக்கம் தோசை வார்த்ததுபோல் வட்ட வட்டமாகப் பச்சை வயல்களும் கண்ணில் படலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஏரியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், அப்போதும் வலப்பக்கமே கேளுங்கள்.

அப்புறம், எந்தப் பக்கமானாலும் இறக்கைக்கு முன்னால் உட்காருங்கள். பின்னால் என்றால் இஞ்சின் வெக்கையில் மணல் நெளிநெளியாகத் தெரியும்.