மதிப்பெண் பிரெஞ்சு, புதுச்சேரி பிரெஞ்சு, ஆத்தங்குடி பிரெஞ்சு

என் மகன் பிளஸ் டூவில் பிரெஞ்சுத் தாளில் 100க்கு 97 எடுத்தான். அடுத்த தை மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். முகப்பில் தயங்கி நின்ற ஒரு பிரெஞ்சுத் தம்பதி அவனிடம் ஏதோ கேட்டார்கள். அவன் முகம் வெளிறிவிட்டது. உள்ளே வந்து பார்க்கலாமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் படித்த பையனுக்கு அந்த ஒரு வாக்கியம் பிடிபடவில்லை.

அவன் சோம்பேறி இல்லை. அந்த வகுப்பில் பிரெஞ்சு வாக்கியத்தை ஆங்கிலத்தில் விளக்கினார்கள், கேள்விக்கான விடையை எழுதிப்போட்டார்கள், பிள்ளைகள் உருப்போட்டார்கள். மொத்த மதிப்பெண்ணை உயர்த்த அது போதும். கல்லூரி இடம் மட்டுமே குறி என்றால் அந்த வழியை நான் தடுக்க மாட்டேன். பிரெஞ்சு பேச வேண்டும் என்ற ஆசை உள்ள பிள்ளையை மட்டும் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிர்முனை கனடா. 1965இல் மொன்றியால் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் போராடி ஒரு மழலையர் வகுப்பைத் தொடங்கவைத்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சைப் பாடமாகப் படிக்கவில்லை. கணக்கையும் கதையையும் பிரெஞ்சிலேயே படித்தார்கள். ஆங்கில வாசிப்பு பின்னால்தான் வந்தது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். ஆங்கிலம் கெடவில்லை, கணக்கும் கெடவில்லை. கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும்: நாளைக்கு 40 நிமிடப் பாடம் என்றால் 180 பள்ளி நாட்களுக்கு 120 மணி நேரம். நாளைக்கு 5 மணி நேரம் பிரெஞ்சிலேயே வகுப்பு என்றால் 900 மணி நேரம்.

ஆனால் அங்கும் ஒரு குறை. காதும் கண்ணும் தேறிய அளவுக்கு வாயும் கையும் தேறவில்லை. பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வற்புறுத்தாமல், கேட்டுப் புரிந்துகொண்டாலே போதும் என்று விட்டதுதான் காரணம் என்று 1985இல் மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் எழுதினார். ஒட்டாவாவில் இருக்கும் என் தங்கை மகள் அப்படிப்பட்ட வகுப்பில்தான் படிக்கிறாள். பிரெஞ்சைச் சரளமாகப் புரிந்துகொள்கிறாள். பெரியவர்களிடமும் 'த்யு' என்று பேசிவிடுகிறாள். 'த்யு' நீ, 'வூ' நீங்கள். வகுப்பறை முழுவதும் சம வயதுத் தோழர்கள் என்றால் 'வூ' எங்கிருந்து பழகும்? ஆச்சியையும் ஐயாவையும் 'நீங்கள்' என்று சொல்லியே வளரும் நம் பிள்ளைக்கு இதை ஒரே நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடம் இன்னொன்றும் உண்டு. பேச்சில் 'மரம்' என்பதை உதட்டை மூடாமல் மூக்கால் முடிக்கிறோம் அல்லவா, அந்த முடிவுதான் பிரெஞ்சின் மூக்கொலிக்கும் அடிப்படை. இடறுவது வேறு இடத்தில். ரொட்டிக்கும் குளியலுக்கும் சொல்லின் முதல் எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்' என்றே வரும். திருத்த ஒரு ஆசிரியர் இல்லாவிட்டால் அது ஆயுளுக்கும் மாறாது.

கனடா முறைக்கு மிக நெருக்கமாக நம் பக்கத்தில் இருப்பது புதுச்சேரியின் பிரெஞ்சு லிசே. 1826இல் தொடங்கிய பள்ளி; பிரான்ஸின் பாடத்திட்டம், பிரெஞ்சு வழியில். ஆனால் அதற்குச் சிறு வயதிலேயே சேர்க்க வேண்டும், குடும்பமே குடிபெயர வேண்டும். காரைக்குடியில் கடை வைத்திருப்பவருக்கு அது ஆகிற காரியம் இல்லை. ஆகக்கூடியது, 1889 முதல் புதுச்சேரியில் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் விடுமுறை வகுப்பு. விடியற்காலைப் பல்லவன் ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து பஸ். வகுப்பில் முதல் நாளிலிருந்தே பிரெஞ்சுதான். பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 5 எடுக்காமல் தேற முடியாது. அதனால் ஊமையாக இருந்து தப்பிக்க வழியில்லை. ஆனால் வெளியே தெருவில் பிரெஞ்சு கேட்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பெயர்ப்பலகையில்தான் பிரெஞ்சு; டீக்கடையில் தமிழ்.

மூன்றாவது வழி நம் வாசலிலேயே இருக்கிறது. என் ஐயா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்கு, வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போனபோது வயது 14. மேலாள் சொன்ன இடத்துக்கு ஓடி, ரசீது வாங்கி, தவறாகப் பேசித் திட்டு வாங்கி, ஒரு கணக்குக் காலமான மூன்று ஆண்டு முடிந்து ஊர் திரும்பும்போது வேலைக்கு வேண்டிய பிரெஞ்சு அவர் நாவில் இருந்தது. இலக்கணப் புத்தகத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இன்று கார்த்திகை முதல் மாசி வரை செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். தங்கும் விடுதியிலோ வழிகாட்டியாகவோ வேலை பார்க்கும் பிள்ளைக்குச் சைகோன் இங்கேயே வந்துவிட்டது.

இதை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். விருந்தினர் தவறைத் திருத்த மாட்டார், புன்னகைத்துவிட்டுப் போவார். பத்து ஆண்டுகளாக வழிகாட்டும் ஒருவர் இன்னும் எல்லாப் பெயர்ச்சொல்லையும் ஆண்பாலாகவே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மேசை பெண்பால் என்று யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே என் தேர்வு: கோடையில் புதுச்சேரி வகுப்பு, பனிக்காலத்தில் ஊரில் வேலை. இந்த வரிசையில்தான். முதலில் திருத்துகிறவர், பிறகு கேட்கிறவர். கானாடுகாத்தான் கல்யாணத்துக்குப் பிறகு என் மகனை அப்படித்தான் அனுப்பினேன்.

போன மார்கழியில் ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறைக்கு அவனோடு போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போடுகிறார்கள். பிரெஞ்சில் கண்ணாடியும் 'வேர்', பச்சையும் 'வேர்'. பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெண்மணி கேட்டார். அவன் "வேர்" என்றான். அவர் பச்சைக் குழம்பைப் பார்த்தார். அவன் குனிந்து, ஈரக் கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது, பச்சை அல்ல என்று முழு வாக்கியமாகச் சொன்னான். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அவன் பதில் சொல்லிக்கொண்டே போனான்.