ஏர் ரைஃபிள் பெல்லெட் மொத்தமாக வாங்குபவர்களுக்கு: 14,400 ரூபாயை இழந்த கதை

என் மகளின் ஏர் ரைஃபிளுக்குப் பெல்லெட் (சிறிய ஈயக்குண்டு) விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார் என்பது நேற்று மாலை உறுதியாகிவிட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் வேறு எந்தப் பெற்றோரும் இதே குழியில் விழக்கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் மகள் மூன்று ஆண்டுகளாகப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். நாளொன்றுக்கு 60 குண்டு என்று கணக்கு வைத்தால், 500 பெல்லெட் உள்ள ஒரு டின் எட்டு நாள்தான் வரும். சுடும் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்; பெல்லெட்டின் விட்டமோ நாலரை மில்லிமீட்டர். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பெல்லெட்டாக இருந்தாலும் ஒரு லாட்டுக்கும் (ஒரே சமயத்தில் தயாரான தொகுப்பு) இன்னொரு லாட்டுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது. அதனால்தான் துப்பாக்கியை அசையாமல் பிணைத்து, ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்து, துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் லாட்டைக் கண்டுபிடித்து, அதே லாட்டில் மொத்தமாக வாங்கி வைப்பார்கள்.

இதைச் சொல்லித்தான், இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் சுடுதல் பொருள்களை விற்கும் ஒரு கடையை அழைத்தேன். நான் திருநெல்வேலி என்றதும் எதிர்முனையில் பேச்சே மாறியது. "அண்ணாச்சி, எனக்கும் நாங்குநேரிப் பக்கந்தான். நம்ம ஊர்ப் பிள்ளை சுடுதுன்னா நான் கெட்ட சரக்கு குடுப்பனா? மொதல்ல ஒரு டின் அனுப்புதேன், சுட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். டின் வந்தது. பயிற்சியாளர் துப்பாக்கியைப் பிணைத்துச் சுட்டதில் ஐந்து குண்டும் கிழிந்த ஒற்றைத் துளையாக விழுந்தன. அந்தத் தாளை நானே படம் எடுத்து அவருக்கு அனுப்பி, "இதே லாட்டில் பன்னிரண்டு டின் வேண்டும்" என்று கேட்டேன். "ஒங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன், அண்ணாச்சி" என்ற அந்தச் சொல்லை நம்பி, டின்னுக்கு 1,200 வீதம் 14,400 ரூபாயையும் அன்றே அனுப்பினேன். பில் வாங்கவில்லை. ஊர்க்காரர் என்ற எண்ணத்தில் கேட்கவே தோன்றவில்லை.

வந்த டின்களின் மேல்மூடி முதல் டின்னைப் போலவேதான் இருந்தது. அடியைத் திருப்பிப் பார்க்க நான் நினைக்கவில்லை. அடுத்த ஒரு வாரம் மகளின் மதிப்பெண் சரிந்துகொண்டே போனது. பயிற்சியாளர் அவள் நிற்கும் நிலையை மாற்றினார், மூச்சை மாற்றச் சொன்னார், குறிபார்க்கும் சைட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். அவளோ, "எனக்குக் கை நடுங்குதுப்பா" என்று ஒரு இரவு முழுவதும் அழுதாள். பிறகுதான் துப்பாக்கியை மீண்டும் பிணைத்துச் சுட்டோம். ஐந்து குண்டும் ஐந்து இடத்தில் விழுந்தன.

டவுனில் நகைப்பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரின் தராசில் இருபது பெல்லெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தோம். 0.53 கிராம் என்று மூடியில் அச்சிட்டிருக்க, 0.49 முதல் 0.56 வரை ஏறி இறங்கியது. ஈயத்தின் மேல் வெண்மையான தூள் படிந்திருந்தது. பின்பக்க விளிம்பு பலவற்றில் வட்டமாகவே இல்லை, நசுங்கியிருந்தது. காற்றை அடைத்து, துப்பாக்கிக் குழலின் உட்புற வரிகளைப் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதியே அதுதான். டின்னின் அடியில் லாட் எண் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர். உரித்தால், கீழே வேறு எண்.

அழைத்தேன். முதல் நாள் "கூரியர்ல குலுங்கியிருக்கும்" என்றார். மறுநாள் "துப்பாக்கிப் பேரலைச் சுத்தம் பண்ணிப் பாருங்க". மூன்றாம் நாள் வேறொருவர் பேசினார்: "திறந்த டின்னைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்". அண்ணாச்சி சாராகிவிட்டேன். திறக்காத பதினொன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, "மேனேஜர் கூப்பிடுவாரு". ஒன்பது நாள் காத்திருந்தேன். தராசுப் படங்களை அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி மட்டும் விழுந்தது. இப்போது அதுவும் இல்லை. 14,400 ரூபாய். என் சம்பளத்தில் அது சிறிய தொகை அல்ல.

பெல்லெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். மனம் அதில் நிற்கவில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். மாதிரி டின் நன்றாகச் சுட்டது என்பதற்காக மொத்தச் சரக்கும் அதுவே என்று நம்பாதீர்கள். வந்தவுடன் ஒவ்வொரு டின்னின் லாட் எண்ணையும் மாதிரியோடு ஒப்பிட்டு, பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். லாட் எண்ணைக் குறிப்பிட்ட பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று விழுந்தால் பிள்ளையைக் குறைசொல்வதற்கு முன் பெல்லெட்டைச் சோதியுங்கள். ஈயத்தூள் படிந்த பெல்லெட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன்; பதினொரு டின்னும் ஸ்டிக்கரோடு அலமாரியில் இருக்கின்றன. அடுத்த வாரம் மகளுக்குப் போட்டி. உடன் பயிலும் பிள்ளை கொடுத்த அரை டின்னோடு போகிறாள்.