ஆறு நாற்காலிக்கு ஆறு வருடக் கணக்கு

போன வாரம் ஆசாரி வந்து எங்கள் டைனிங் நாற்காலிகளை மூன்றாவது முறையாகச் சரிசெய்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே திருமங்கலத்திலிருந்து தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, உங்க வீட்டு செட்டு எப்படி இருக்கு? புது வீட்டுக்கு நாங்களும் அதே மாதிரி எடுக்கவா?" அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2019 தீபாவளிக்கு முன்னால், சீட்டு எடுத்த பணத்தில் பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் வாங்கியது. ரப்பர் மரம், தேக்கு நிறத்தில் பாலிஷ், ரெக்சின் மெத்தை. மேஜை 11,000 ரூபாய். நாற்காலி ஒன்று 2,500 வீதம் ஆறுக்கு 15,000. மேஜையில் எனக்குக் குறை இல்லை. சூடான குழம்புச் சட்டியை வைத்ததில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்திருக்கிறது, அது எங்கள் தப்பு.

நாற்காலிதான் உயிரை எடுக்கிறது. பின்னங்காலும் உட்காரும் சட்டமும் சேருகிற இடத்தில் ஆட்டம். சாய்ந்து உட்கார்ந்தால் உடம்புப் பாரம் அந்த மூட்டைத்தான் நெம்புகிறது. சோற்றில் கை வைத்தால் கிறீச், குழம்புக்கு எட்டினால் கிறீச். ஆசாரி ஒன்றைப் பிரித்துக் காட்டினார். இரண்டு சின்ன மரக்குச்சி, பசை, ஒரு திருகு, அவ்வளவுதான் உள்ளே. சட்டத்தின் முனையையே நாக்கு மாதிரிச் செதுக்கி, அதாவது கழுந்து எடுத்து, காலில் போட்ட துளையில் இறுக்கி அடித்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்றார். சித்திரை வெயிலில் மரம் சுருங்குகிறது, ஐப்பசி மழையில் ஊதுகிறது. வருஷா வருஷம் இப்படி நடந்தால் பசை விட்டுப்போகும். டைல்ஸ் தரையில் தூக்காமல் இழுப்பதும் ஒரு காரணம். நாங்களும் இழுத்தவர்கள்தான், கடைக்காரரை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஆனாலும் "கல்லு மாதிரி நிக்கும் சார்" என்று அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ரெக்சின் நான்காவது வருடம் வெடித்தது. ஆறுக்கும் மாற்ற 2,100. மூட்டு வேலைக்கு மூன்று தடவையும் சேர்த்து 2,700. ஆக நாற்காலிகளுக்கு மட்டும் 19,800 ஆகியிருக்கிறது. இதில் தினமும் ஆள் உட்காருவது மூன்றில்தான். ஒன்றில் மடிக்காத துணி, ஒன்றில் பழைய பேப்பர், இன்னொன்று காலண்டருக்குக் கீழே சும்மா நிற்கிறது. உட்காரும் மூன்றுக்கு வகுத்தால் ஒன்று 6,600 ரூபாய். செட் வாங்குவதற்கு முன்னால் இதே ஆசாரி கழுந்து வைத்த தேக்கு நாற்காலிக்கு 5,500 கேட்டார். விலை அதிகம் என்று திரும்பி வந்தவன் நான்.

   மர நாற்காலிக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதம். முழுக்கப் பிரம்பிலோ மூங்கிலிலோ செய்தது என்றால் 12 சதவீதம் இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகியிருக்கிறது, தங்கச்சியிடம் அதையும் பார்க்கச் சொன்னேன்.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றை மறைக்க முடியாது. அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய் தரையில் உட்கார முடியாது. இந்த செட் வருவதற்கு முன் கட்டிலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். இப்போது 18 அங்குல உயரத்தில் உட்கார்ந்து, 30 அங்குல மேஜையில் கையை ஊன்றி எழுகிறார். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கறிக்குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, ரசத்துக்கு இன்னொரு கை சோறு கேட்கிறார். அதைப் பார்க்கும்போது இந்த 19,800-ம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இருந்தும் தங்கச்சியிடம் இந்த செட் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மேஜையைக் கடையில் எடு, நாற்காலி மூன்று மட்டும் ஆசாரியிடம் செய், அதில் மாமாவுக்குக் கைப்பிடி வைத்தது ஒன்று. விருந்தாளி வந்தால் பிளாஸ்டிக் சேர் போதும். கடைக்குப் போனால் உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்து பார், நாற்காலியைக் கவிழ்த்து மூட்டைப் பார் என்றேன்.

அப்பா நாற்காலியில் நேற்று மறுபடி லேசாகச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை ஆசாரி வருகிறார். அது ஒன்றுக்கு மட்டும் சட்டத்தையே மாற்றிக் கழுந்து வைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.