அப்புத்தளை வாடகைச் சைக்கிள்: சீட் கல்லு, மண்வெட்டி இலவசம்
இலங்கை மலையகத்து அப்புத்தளையில் ஒரு சின்னக் கடையில் மலைச் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். சீட் கல்லு மாதிரி, பின் பிரேக்கும் பிடிக்கவில்லை. சொன்னதும் கடைக்கார அண்ணன் பிரேக் கட்டையை மாற்றித் தந்தார், சரி. எனக்குப் பிடித்தது வேறு. தம்பேதென்னைப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் கான் (மழைத் தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டிவிட்டு வந்தால் ஒரு மணிநேர வாடகையைக் கழிக்கிறார், தேயிலைத் தோட்டத்திலும் சொல்லி வைத்திருக்கிறாராம். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரைக் குறுக்கே சரிவுப் பக்கம் திருப்பிவிடாவிட்டால் டயர் தடமே ஓடையாகிவிடும், இதைக் கான் வெட்டியே பழகிய நம்ம ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! கொழுந்து எடுக்கப் போகிறவர்களும் அதே பாதையில்தான் நடக்கிறார்கள். தம்பிமாரே, ஈர மண்ணில் பின் சக்கரத்தைச் சறுக்கி விளையாடாதீர்கள், போனால் கடையில் மண்வெட்டியைக் கேட்டு வாங்குங்கள். அதன் பிடி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது.